நின்ற வண்டியும் நான் நிறுத்திய டிரைவரும்

நமது சங்க இதழில் வரி, கடை வாடகை, எடைக்கல் முத்திரை, சந்தை நிலவரம் ஆகியவற்றைப் பற்றி எழுதுவதுதான் வழக்கம். விருதுநகரில் வத்தல், மல்லி கமிஷன் மண்டி நடத்துகிற நான் கார் ரிப்பேர் பற்றி எழுத வந்தால், "அண்ணாச்சிக்கு வேறு வேலை இல்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் வீட்டுக் கொட்டகையில் இன்னும் ஒரு அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். அப்பா வாங்கியது, ராசியான வண்டி, விற்க மனசு வரவில்லை என்று வைத்திருக்கிறோம். அப்படி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவும். வண்டி இல்லாதவர்களும் படிக்கலாம். இதில் ஒரு ஆள் விவகாரமும் இருக்கிறது.

எங்கள் வண்டி 1985-ஆம் வருட மார்க் 4 அம்பாசிடர். பெட்ரோல் என்ஜின், 1489 சி.சி. அப்பா புதிதாக வாங்கியது. மேற்கு வங்காளம் உத்தரபாராவில் இந்த வண்டி தயாரிப்பதை 2014 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெயரே 2017-இல் பிரெஞ்சு நாட்டுப் பெஜோ கம்பெனிக்கு விலைபோய்விட்டது. ஆனாலும் தட்டுமுட்டுச் சாமான் கிடைக்கிறது, கை தெரிந்த மெக்கானிக்கும் இருக்கிறார். ஆகவே ஓடுகிறது.

என்ஜின் வேலையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கரண்ட் சம்பந்தப்பட்ட கோளாறு, அதிலும் வந்து வந்து போகிற கோளாறு பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு பல்பு அடியோடு எரியவில்லை என்றால் அது நல்ல கோளாறு. அரைமணி நேரத்தில் பிடித்துவிடலாம். நாலு நாள் எரிந்து, ஒரு நாள் எரியாமல், மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் பளிச்சென்று எரிகிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். நம் கணக்கில் இன்று 100 ரூபாய் இடித்து, நாளை தானாகவே சரியாகி, அடுத்த வாரம் மறுபடி இடித்தால் எப்படி இருக்கும்? அதே மாதிரிதான்.

2018 வத்தல் சீசன்

மாசி பிறந்தால் எனக்குப் பரமக்குடிப் பக்கம் ஓட்டம் அதிகம். அங்கே விளைகிற முண்டு வத்தலுக்கு எப்போதும் ஒரு மதிப்பு உண்டு. (ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.) அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாகக் காலையில் கிளம்பி, சரக்கைப் பார்த்து விலை பேசி, மாலையில் திரும்புவோம். 19 வருடமாக ஒரே டிரைவர். அப்பா காலத்து முடிவில் வந்து சேர்ந்தவர்.

அந்த வருடம் பிப்ரவரியில் திருச்சுழி தாண்டி வண்டி பொட்டென்று நின்றது. இழுக்கவில்லை, குலுங்கவில்லை. சுவிட்சை அணைத்தது போல நின்றது. டிரைவர் இறங்கி பானெட்டைத் தூக்கி, டிஸ்டிரிபியூட்டர் கேப்பைக் கழற்றிப் பார்த்து மாட்டினார். செல்ஃப் அடித்தவுடன் கிளம்பிவிட்டது. அன்று முழுவதும் ஒன்றும் இல்லை.

பத்து நாள் கழித்து மறுபடி நின்றது. ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பாயிண்ட், கண்டென்சர் மாற்றினார்கள். மூன்று வாரம் நன்றாக ஓடியது. "பார்த்தீங்களா, கண்டென்சர்தான்" என்றார்கள். பிறகு ஒரு நாள் நின்றது. இக்னிஷன் காயில் சூட்டில் அடிபடுகிறது என்று புதுக் காயில் போட்டார்கள். பன்னிரண்டு நாள் ஓடியது. அப்புறம் ரோட்டர், கேப், பிளக் ஒயர் ஒரு செட். அப்புறம் பெட்ரோல் பம்ப். அப்புறம் இக்னிஷன் சுவிட்ச். செலவுச் சிட்டையைக் கூட்டிப் பார்த்தால் 7,340 ரூபாய். வண்டி நிற்பது மட்டும் நிற்கவில்லை.

மெக்கானிக்குகளை நான் குறை சொல்ல வரவில்லை. காயில் சூட்டில் கெட்டு, ஆறினால் வேலை செய்வது உண்மையிலேயே நடப்பதுதான். கண்டென்சரும் அப்படித்தான். ஆனால் அவர்களிடம் வண்டி போகும்போது கோளாறு அங்கே இல்லை. இல்லாத கோளாறுக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது? யூகத்தில் ஒரு சாமானை மாற்றுகிறார்கள். அது ஒத்துவந்தது போலத் தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம், மூன்று வாரம் ஏன் சரியாக ஓடியது என்ற கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

டிரைவர் சொன்னது

மார்ச் கடைசியில் ஒரு நாள் என்னால் போக முடியவில்லை. டிரைவரோடு கணக்கப்பிள்ளையை அனுப்பினேன். வழியில் இரண்டு தடவை வண்டி நின்று, அவர்கள் போய்ச் சேர்வதற்குள் நான் கண் வைத்திருந்த 40 மூட்டையை இன்னொரு வியாபாரி முடித்துவிட்டார். அந்த வாரமே விலை ஏறியது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

சாயங்காலம் மண்டியில் வைத்து டிரைவரைக் கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"முதலாளி, ஏத்தத்துல மிதிச்சு ஏறும்போது ஒரு நாள்கூட நிக்கல. சும்மா நிறுத்தி வச்சுருந்தாலும் அணையல. சமதரையில மிதியை லேசா வச்சு ஒரே சீரா போகும்போதுதான் நிக்குது."

"ஏத்தத்துல நிக்காத வண்டி சமதரையில நிக்குமா? யாருக்குக் காது குத்துற?" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். டீக்கடை கண்ட இடத்தில் வண்டி நிற்கிறது என்றும், டாங்கில் பெட்ரோல் கணக்கு உதைக்கிறது என்றும் சொன்னேன். லோடுமேன்கள், கணக்கப்பிள்ளை, சரக்கு கொண்டுவந்த இரண்டு சம்சாரிகள் எல்லாரும் இருந்தார்கள்.

அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் வந்து வண்டியைத் துடைத்து நிறுத்திவிட்டு, சாவியைக் கல்லாப் பெட்டி மேல் வைத்தார். "வேற ஆளப் பாத்துக்கோங்க முதலாளி" என்று போய்விட்டார். அந்த மாதச் சம்பளத்தை ஆள் மூலம் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டார்.

ரயில்வே கேட்

அதற்குப் பிறகு நானே ஓட்டினேன். ஒரு மாதம் போல வண்டி நிற்கவில்லை. "பார்த்தாயா, ஆள் போனான், கோளாறும் போச்சு" என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மே மாதம் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறோம். வண்டியில் என் மனைவி, பேரன். ரயில்வே கேட் திறந்திருந்தது. தண்டவாளம் குலுக்கும் என்று மிதியை லேசாக்கி மெதுவாகக் கடந்தேன். முன் சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டியது, என்ஜின் அணைந்தது. பின் பாகம் இன்னும் பாதைக்குள் இருக்கிறது. செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. பேரனைத் தூக்கிக்கொண்டு இறங்கு என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, இறங்கித் தள்ளப் பார்த்தேன். பின்னால் வந்த வேனிலிருந்து நாலைந்து பேர் ஓடிவந்து தள்ளிவிட்டார்கள். ரயில் வரும் நேரம் இல்லை என்று கேட் கீப்பர் பிற்பாடு சொன்னார். அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கு அது தெரியாது.

ஓரமாக நிறுத்தி, டிரைவர் செய்வது போலவே கேப்பைக் கழற்றி மாட்டினேன். முதல் செல்ஃபிலேயே கிளம்பியது. வீடு வரும்வரை மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "அந்தத் தம்பி பொய் சொல்லலை" என்று மட்டும் சொன்னாள்.

பெரியவரின் கேள்விகள்

மறுநாள் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனைத் தேடிப் போனேன். வயது எழுபதுக்கு மேல். கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். சென்னை பாடியில் லூக்காஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலை 1961-இல் வந்தது என்பது பலருக்குத் தெரியும். அந்தச் சாமான்கள் நம் பக்கத்து வண்டிகளில் பரவிய காலத்திலிருந்து வேலை பார்த்தவர் அவர். தம் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நான் வண்டியைக் காட்ட வாசலுக்குக் கூப்பிட்டேன். அவர் எழுந்திருக்கவே இல்லை.

"அண்ணாச்சி, இப்ப வண்டி ஓடுதுல்ல? ஓடுற வண்டியில என்னத்தப் பாக்க? நின்ன நேரத்துல வேற என்னென்ன செத்துக் கெடந்துச்சு, அதச் சொல்லுங்க. ஆரன் அடிச்சுதா? பெட்ரோல் முள்ளு இருந்துச்சா, விழுந்துருச்சா? சாவி போட்டா எரியுமே சிவப்பு லைட்டு, அது எரிஞ்சுதா?"

எதற்கும் என்னிடம் பதில் இல்லை. நின்றவுடன் பதறிப்போய்ச் செல்ஃப் அடிப்பதும், பானெட்டைத் தூக்குவதும்தான் நான் செய்தது.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். பழைய லூக்காஸ் முறை ஒயரிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை உண்டு. பிரவுன், பேட்டரியிலிருந்து நேராக வருவது; சாவி போடாவிட்டாலும் உயிர் இருக்கும். வெள்ளை, சாவி போட்டால் உயிர் வருவது. காயிலுக்குப் போவது இதுதான். பச்சை, சாவிக்கும் ஃபியூஸுக்கும் அப்புறம் வருவது. பெட்ரோல் முள், வைப்பர், பிரேக் லைட் எல்லாம் இதில். கறுப்பு, எர்த். வண்டி நின்ற நொடியில் எந்தெந்தச் சாமான் செத்தது என்று பார்த்தாலே, எந்த நிறத்து ஒயர் வழியில் அறுந்தது என்று பாதி தெரிந்துவிடும். (நம் ஊரில் கையில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப்போட்டு வைத்திருப்பார்கள், அது வேறு விஷயம். எங்கள் வண்டியில் காயிலுக்குப் போன ஒயரின் பாதி மஞ்சள்.)

பெட்ரோல் கோளாறா, கரண்ட் கோளாறா என்று பிரிப்பதற்கும் வழி சொன்னார். பெட்ரோல் வராமல் நின்றால் வண்டி இழுத்து இழுத்து, இருமி நிற்கும். கரண்ட் போனால் சுவிட்சை அணைத்தது போல நிற்கும். நான் பெட்ரோல் பம்புக்குக் கொடுத்த பணம் தண்டம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இரண்டு பல்பு, ஒரு நோட்டு

அவர் செய்யச் சொன்னது இரண்டே காரியம்.

முதலாவது, டேஷ்போர்டுக்குக் கீழே கண்ணில் படும்படி ஒரு சிறிய 12 வோல்ட் பல்பு. அதன் ஒரு ஒயர், கரண்ட் உள்ளே வருகிற காயில் முனைக்கு. பழைய காயில்களில் அங்கே எஸ்.டபிள்யூ. என்று எழுதியிருக்கும். மற்ற ஒயர் எர்த்துக்கு. இடையில் ஒரு சிறு ஃபியூஸ். சாவி போட்டால் எரியும், ஓடும்போதும் எரிந்துகொண்டே இருக்கும். வண்டி நிற்கும்போது அந்தப் பல்பும் அணைந்தால் கோளாறு காயிலுக்கு முன்னால்: சுவிட்ச், ஃபியூஸ் பெட்டி, ஒயர் ஜாயிண்ட். பல்பு எரிந்துகொண்டிருக்க வண்டி நின்றால் கோளாறு காயிலிலோ, அதற்குப் பின்னாலோ.

இரண்டாவது, ஒரு டெஸ்ட் லாம்ப். பல்பு ஹோல்டரில் இரண்டு ஒயர், இரண்டு முதலைக் கிளிப். இதை எப்போதும் வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். வண்டி நின்ற பிறகு, எதையும் தொடாமல், கேப்பைக் கழற்றாமல், காயிலின் மற்ற முனையிலிருந்து எர்த்துக்கு மாட்டி, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்த முனையில் சி.பி. என்று இருக்கும். அங்கிருந்துதான் டிஸ்டிரிபியூட்டருக்கு மெல்லிய ஒயர் போகிறது. பாயிண்ட் மூடும்போது பல்பு அணையும், திறக்கும்போது எரியும். ஆகவே செல்ஃப் சுற்றும்போது மினுக் மினுக்கென்று சிமிட்ட வேண்டும். சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தால், டிஸ்டிரிபியூட்டருக்குள் பாதை அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்ட் மூடவில்லை. முதல் பல்பு எரிந்து, இது எரியவே இல்லை என்றால், காயிலின் உள்சுற்று அறுந்திருக்கலாம், அல்லது கண்டென்சரோ, அந்த மெல்லிய ஒயரோ எர்த்தில் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த இரண்டாவது பல்பை மாட்டிய நிலையில் வண்டி ஓட்டக் கூடாது. காயிலின் வேகம் பல்பு வழியே வடிந்து, தீப்பொறி கெட்டுவிடும். அப்புறம் இல்லாத கோளாறு ஒன்றை நாமே உண்டாக்கித் தேடிக்கொண்டிருப்போம். காயில் நடுவிலிருந்து போகிற தடித்த ஒயரையும் செல்ஃப் அடிக்கும்போது தொடக் கூடாது. அதில் ஆயிரக்கணக்கில் வோல்ட்.

நோட்டு சமாசாரம் எனக்குச் சுலபம். ஐம்பது வருடமாகச் சிட்டை எழுதுகிற கை. தேதி, நேரம், கிளம்பி எத்தனை நிமிடம், வெயிலா மழையா, ஏற்றமா சமதரையா, மிதி எப்படி இருந்தது, எந்தெந்த லைட் எரிந்தது, என்ன செய்ததும் கிளம்பியது என்று எழுதச் சொன்னார். இன்றைய புது வண்டிகளில் கோளாறு வந்தால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பல கோளாறுகளைக் குறித்துக்கொள்கிறது. மிஷினை மாட்டிப் படித்துவிடுகிறார்கள். பழைய வண்டிக்கு அந்த ஞாபகம் கிடையாது. நாம்தான் எழுத வேண்டும்.

எழுதுவதற்கு உட்கார்ந்தபோதுதான் டிரைவர் சொன்ன பேச்சு ஞாபகம் வந்தது. பெரியவரிடம் சொன்னேன், கொஞ்சம் இளக்காரமாகவே. "ஏத்தத்துல நிக்கலையாம், சமதரையில லேசா போனாத்தான் நிக்குதாம்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத யாரு சொன்னா?"

"பழைய டிரைவர்."

"அந்த ஆள் எங்க?"

"நிறுத்தியாச்சு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி, பல்பை மாட்டுங்க. நிக்கும்போது வாங்க" என்று உள்ளே போய்விட்டார்.

அகப்பட்ட இடம்

பதினெட்டு நாள் நிற்கவில்லை. வண்டி நிற்க மாட்டேன் என்கிறதே என்று வருத்தப்பட்ட ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பத்தொன்பதாவது நாள், அருப்புக்கோட்டை ரோட்டில், வெயில் உச்சியில், கிளம்பி 35-ஆவது நிமிடம், சமதரை, மிதி லேசு. பொட்டென்று நின்றது.

டேஷ்போர்டுப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு லைட்டும் எரிந்தது. பெட்ரோல் முள் இருந்த இடத்தில் இருந்தது. ஹாரன் அடித்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு இவ்வளவையும் எழுதினேன். பிறகு டெஸ்ட் லாம்பை மாட்டி, கூட வந்த பையனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். சிமிட்டவில்லை. எரிந்துகொண்டே இருந்தது.

போனில் பெரியவரிடம் சொன்னதும், "தொடாதீங்க, வாரேன்" என்று மகனின் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். கேப்பை இரண்டு விரலால் மெதுவாகத் தூக்கினார். உள்ளே, டிஸ்டிரிபியூட்டரின் வெளி முனையிலிருந்து பாயிண்டுக்குப் போகிற ஒயர் ஒன்று இருக்கிறது, சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதை ஒரு குச்சியால் லேசாக இழுத்தார். ரப்பர் தோல் மட்டும் நீண்டது. உள்ளே கம்பி இல்லை. மேல்தோல் ஒரு கீறல்கூட இல்லாமல் நன்றாக இருந்தது. உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக முறிந்து, கடைசி இரண்டு மூன்று இழை தொட்டும் தொடாமலும் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன.

ஏன் அங்கே முறிகிறது? கார்புரேட்டரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் டிஸ்டிரிபியூட்டர் பக்கவாட்டில் இருக்கிற தட்டை டப்பாவுக்குப் போகிறது. டப்பாவுக்குள் ஒரு சவ்வு. மிதி லேசாக, வண்டி ஒரே சீராகப் போகும்போது அந்தக் குழாயில் உறிஞ்சல் அதிகம். சவ்வு இழுபட்டு, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைச் சற்றே திருப்பும். தீப்பொறி கொஞ்சம் முன்னதாக விழுந்து பெட்ரோல் மிச்சமாகும். மிதித்து ஏற்றம் ஏறும்போது உறிஞ்சல் குறைந்துவிடும், தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். சும்மா நிறுத்தி ஓடவிட்டாலும் அப்படியே. தட்டு திரும்பும்போதெல்லாம் அந்தக் குட்டி ஒயரும் வளைந்து நிமிர்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் வளைந்து நிமிர்ந்தால் எந்தக் கம்பிதான் தாங்கும்? நாலு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுற்றினால் தீப்பொறி 4000 தடவை விழ வேண்டும். அத்தனைக்கும் வழி அந்த ஒரு ஒயர்தான்.

ஆக, டிரைவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. ஏற்றத்தில் நிற்காது, சமதரையில் லேசாகப் போனால் நிற்கும். வெயிலில் ரப்பர் இளகி, முறிந்த இழைகள் விலகிவிட்டால் தானாகத் தொடாது. யாராவது கேப்பைக் கழற்றி மாட்டும்போது ஒயர் அசைந்து மறுபடி தொட்டுக்கொள்ளும். ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு தடவையும் சரியான ரகசியமும் அதுதான். பாயிண்ட் மாற்றியவர், கேப் மாற்றியவர், காயில் மாற்றிவிட்டு எதற்கும் கேப்பைத் திறந்து பார்த்தவர், எல்லார் கையும் அந்த ஒயரில் பட்டிருக்கிறது. புதுச் சாமானுக்குப் பெயர் கிடைத்தது.

ஒயர் விலை 40 ரூபாய். அந்த இடத்துக்குச் சாதாரண வீட்டு ஒயர் போடக் கூடாது. இழை மெலிந்த, நன்றாக வளைகிற ஒயர்தான் வேண்டும், தட்டு திரும்ப இடம் கொடுக்கிற நீளமும் வேண்டும் என்று பெரியவர் சொன்னார். பாயிண்ட் தட்டுக்கு எர்த் கொடுக்கிற இன்னொரு குட்டி ஒயர் இருக்கிறது. அதையும் மாற்றினார். கூலி வாங்கவில்லை. "அந்த டிரைவரப் போய்ப் பாருங்க" என்றார்.

சோக் ஒயர்

போனேன். அந்த வாரமே போகவில்லை. போகலாம், போகலாம் என்று பத்து நாள் கடத்தினேன். அவர் ஒரு பள்ளிக்கூட வேனுக்கு டிரைவராகச் சேர்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு மனைவியையும் அழைத்துக்கொண்டு போய், முறிந்த ஒயரைக் காட்டினேன். "நீ சொன்னதுதான் சரி. நான் பேசினது தப்பு" என்றேன். அவர் வீட்டுக்காரம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் ஒயரை இழுத்து இழுத்துப் பார்த்தார். "இது கேப்புக்குள்ளயா இருந்துச்சு? நான் கழட்டி மாட்டுனதாலதான் ஓடியிருக்கு" என்று சிரித்தார். பிறகு, "முதலாளி, சோக் ஒயர் சுடுதுன்னு ஒரு தடவ சொன்னேனே, அதப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

எனக்கு அவர் சொன்னதே ஞாபகம் இல்லை. காலையில் செல்ஃப் அடிக்கும்போது டேஷ்போர்டில் சோக் குமிழ் கைக்குச் சூடாக இருக்கிறது என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

இதுவும் பழைய வண்டிகளில் பலருக்கும் இருக்கும், தெரியாமல் இருக்கும். என்ஜின், ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் இடையே கரண்ட் திரும்பி வர, பின்னல் பட்டை போல ஒரு எர்த் பட்டை உண்டு. அது துருப்பிடித்தாலோ, யாராவது என்ஜினை இறக்கி ஏற்றும்போது மாட்ட மறந்தாலோ, செல்ஃப் இழுக்கிற அத்தனை கரண்டும் சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் என்று கிடைத்த வழியில் திரும்பும். கேபிள் சுடும், சில வண்டியில் புகைந்தே போகும். அதற்கிடையில் செல்ஃப் ஒரு நாள் சுற்றும், ஒரு நாள் 'டொக்' என்று அடித்துவிட்டு நிற்கும். நாம் பேட்டரி மேல் பழி போட்டுப் புதுப் பேட்டரி வாங்குவோம். நான் 2016-இல் ஒன்று வாங்கினேன். அதுவும் தேவைப்பட்டிருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

இதைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. என்ஜின் கிளம்பாமல் இருக்க, காயிலில் எஸ்.டபிள்யூ. முனை ஒயரைக் கழற்றி, நுனி எங்கும் தொடாதபடி டேப் சுற்றிக்கொள்ளுங்கள். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் தலையில், கிளாம்பில் அல்ல, ஈயத் தலையிலேயே வையுங்கள். சிவப்பு முனையை என்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எங்கள் வண்டியில் 1.8 காட்டியது. பட்டையைக் கழற்றினால், போல்ட்டுக்கு அடியில் பச்சைக் களிம்பும் துருவும். புதுப் பட்டை போட்டு, இரண்டு பக்கமும் உப்புத்தாளால் இரும்பு பளபளக்கத் தேய்த்து, பேட்டரி கிளாம்பையும் சுத்தம் செய்து மாட்டினோம். மீட்டர் 0.2-க்கு இறங்கியது. கரண்ட் ஓடாத நேரத்தில் இதே இடத்தை அளந்தால் ஒன்றும் தெரியாது. செல்ஃப் சுற்றும்போதுதான் அளக்க வேண்டும்.

டீசல் அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு டிஸ்டிரிபியூட்டர் தொல்லை கிடையாது. எர்த் விஷயம் அவர்களுக்கும் உண்டு. டீசலுக்குச் செல்ஃப் இன்னும் அதிகம் இழுக்கும் என்பதால், அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பின் லைட் ஒரு பக்கம் மங்கலாக எரிவது, பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் குழம்புவது ஆகியவையும் பெரும்பாலும் எர்த் துருதான். பல்பை மாற்றுவதற்கு முன் ஹோல்டர் ஸ்குரூவைக் கழற்றித் தேய்த்துப் பாருங்கள்.

ஃபியூஸ் பற்றி ஒரு வார்த்தை. சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளைச் சுற்றி ஃபியூஸுக்குப் பதிலாகச் சொருகிய வண்டிகளை நம் கடைவீதியிலேயே பார்த்திருக்கிறேன். சாக்கும் வத்தலும் அடுக்கிய குடோன் வாசலில் அந்த வண்டியை இரவு முழுவதும் நிறுத்துகிறோம். உங்கள் வண்டி ஃபியூஸ் பெட்டியை இன்றைக்கே திறந்து பாருங்கள்.

டிரைவர் திரும்ப வேலைக்கு வரவில்லை. பள்ளிக்கூட வேனில் மாலை ஐந்து மணிக்கு வீடு வந்துவிடலாம், அதுவே வசதி என்று சொல்லிவிட்டார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அம்பாசிடரை எடுத்து பரமக்குடி ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வருகிறார். திரும்பி வந்ததும் நோட்டில் அவரே எழுதுகிறார். கடைசியாக அவர் எழுதியது, "பின்பக்க வலது இண்டிகேட்டர் சில நேரம் வேகமாக அடிக்கிறது." அந்த ஹோல்டரைக் கழற்றித் தேய்க்க உப்புத்தாள் வாங்கி வைத்திருக்கிறேன்.